மலையேறின தலகாணி

படுத்தே படுத்துட்டா பூங்கோதை. கடைக்கு நட்ட நடுவுல, சாமான் வாங்க வந்தவங்க அத்தனை பேரும் சுத்தி நின்னு பாக்க, பாயை விரிச்சு, காலை நீட்டி, கண்ணை மூடிப் படுத்துட்டா.

எந்த ஊர்லன்னு கேக்கறியா? இருக்குது உடுமலைப்பேட்டைன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு பூங்கோதை. பஞ்சாலை ஆபீஸ்ல வேலை பாக்கறவ. அவ புருஷன் பேரு திருமூர்த்தி. மோட்டாருக்குக் கம்பி சுத்தற கடை வெச்சிருக்காரு. பொண்டாட்டி படுத்ததும் அவரு நைசா வாசப்படிக்குப் போய் ரோட்டைப் பாத்து நின்னுக்கிட்டாரு. கூட வந்த ஆளுன்னு யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாது பாரு!

"ஏனுங்க்கா, எந்திரிச்சு ஒக்காருங்க. தலகாணியை ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டறேன்"னாரு கடைக்காரரு.

"ஒக்காந்துக்கிட்டுப் பாக்கறதுக்கு நான் என்ன செருப்பா வாங்க வந்தேன்? நீங்க தலைமாட்டுல கொண்டாந்து வெய்யுங்க"ன்னா பூங்கோதை, கண்ணைத் தொறக்காமயே.

ம் சொல்லு. சொன்னாத்தான் கதை நகரும்.

"ம்."

ஒரு தலகாணிக்கா இத்தனை பாடு? இருக்கு, காரணம் இருக்கு. போன வருசம் அவ ஒரு கூட்டத்தோட மலை ஏறப் போனா. பகலெல்லாம் நடந்து, ராத்திரி நடு மலையில படுத்து, விடிஞ்சதும் கழுகுப்பாறை மேல ஏறணும். அங்க நின்னா ரெண்டு அணைக்கட்டுத் தண்ணியும் ஒண்ணா தெரியுமாம், இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஆனா ஏறற தடம் ஒத்தையடித் தடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். தலை சுத்துச்சுன்னா, அவ்வளவுதான்.

அதனால, கூட்டிட்டுப் போற பொண்ணு ஜெசிந்தா ஒரு சட்டம் வெச்சிருந்தா. விடிஞ்சதும் எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்கணும். அவ போதும்னு சொல்ற வரைக்கும் நிக்கணும். தள்ளாடுனா, ராத்திரி தூங்கலைன்னு அர்த்தம். தூங்காத ஆளுக்குப் பாறை கிடையாது.

போன வருசம் பூங்கோதை ஷூவைத் துண்டுல சுத்தித் தலைக்கு வெச்சுப் படுத்தா. வருமா தூக்கம்? கழுத்து புடிச்சுக்கிச்சு, கதவுத் தாப்பாளாட்டம். காலையில ஒத்தைக் கால்ல நின்னா. இப்படி ஆடுனா, அப்படி ஆடுனா, தொபுக்கடீர்! அப்புறம் என்ன, எல்லாரும் மேல போக, இவ சட்டி பானைக்குக் காவல். போய்ட்டு வந்தவங்க அத்தனை பேரும் ஆகா ஆகாங்கறாங்க. இவ சட்டி பானையை மூட்டை கட்டுனா. வர்ற வழியில பஸ்ஸுல மட்டும் புருஷன்கிட்டப் போன்ல சொன்னா: "மலை என்னைத் தோக்கடிக்கலீங்க. அந்த ஷூதான் தோக்கடிச்சுது. அடுத்த வருசம் தூங்குவேன், ஏறுவேன்."

"அப்படின்னா நானும் வரேன். நீ தூங்கறதைப் பாக்கணுமில்ல"ன்னாரு திருமூர்த்தி.

இந்த வருசம் வந்துச்சு. அப்போ முதல்ல வீட்டுல இருக்கற இலவம்பஞ்சுத் தலகாணியை எடுத்தா. முதுகுப் பையில போட்டுத் திணிச்சா. திணி திணின்னு திணிச்சா. பையே தலகாணியாப் போச்சு! சோத்துக்கு இடமில்லை, ஸ்வெட்டருக்கு இடமில்லை. அதோட, மலையில பனி எறங்கும். பஞ்சு நனைஞ்சா ஊறப்போட்ட இட்லி மாதிரி ஆயிடும். இது வீட்டுக்குத்தான் ராணின்னு திரும்பக் கட்டில்லயே வெச்சுட்டா. அதுக்கப்புறம்தான் மலையேறறவங்க சாமான் விக்கற இந்தக் கடை.

கடைக்காரரு ஒண்ணு கொண்டாந்தாரு. கழுத்துல மாலையாட்டம் மாட்டிக்கற தலகாணி. பூங்கோதை எந்திரிச்சு மாட்டுனா. பக்கத்துல தண்ணி பாட்டில் பாத்துக்கிட்டிருந்த ஒரு அம்மா சிரிச்சுப்போட்டாங்க: "நல்லாருக்குதுங்க. மாப்பிள்ளை எங்கீங்க?"

"வாசப்படியில நிக்கறாருங்க, வெக்கப்பட்டுக்கிட்டு"ன்னா பூங்கோதை.

திருமூர்த்தி இன்னும் ரெண்டு கடை தள்ளிப் போய் நின்னுக்கிட்டாரு.

மாட்டிக்கிட்டு மல்லாந்து படுத்தா, சரி. ஆனா அவ ஒருக்களிச்சுப் படுக்கற ஆளு, உன்னாட்டமே. ஒருக்களிச்சா? காதுக்குக் கீழ ஓட்டை. தலை பொதுக்குனு உள்ள போயிடுச்சு. "இது பஸ்ஸுல ஒக்காந்து தூங்கறவங்களுக்குங்க. படுக்கறவங்களுக்கு ஆகாது"ன்னு கழட்டிக் குடுத்துட்டா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மூணாவதா ஒண்ணு வந்துச்சு. உள்ளங்கை அளவு பொட்டலம். எலுமிச்சம்பழம் கனம்கூட இல்லை. "இதுவா தலகாணி?"ன்னா. "ஊதணுங்க்கா"ன்னாரு. ஊதுனா. ஃபூ... ஃபூ... ஃபூ... பம்முனு உப்பிக்கிச்சு. தலையை வெச்சா, பொய்ங்! பந்து மேல வெச்ச மாதிரி தலை இந்தப் பக்கம் உருளுது, அந்தப் பக்கம் உருளுது. சுத்தி நின்னவங்க எல்லாம் ஒரே சிரிப்பு. கடைக்காரரு கையை நீட்டிட்டாரு, திருப்பி வாங்கிக்கறதுக்கு.

பூங்கோதை குடுக்கலை. ரோசனை பண்ணுனா. மூடியைக் கொஞ்சம் திருகுனா. புஸ்ஸ்ஸ். தலையை வெச்சுப் பாத்தா. இன்னும் கொஞ்சம். புஸ்ஸ். தோளுக்கும் காதுக்கும் நடுவுல எவ்வளவு உசரமோ அவ்வளவு வந்ததும் மூடியை இறுக்கிட்டா. பாதிக் காத்துதான். தலை குழியில உக்காந்துச்சு, கழுத்து நேரா நின்னுச்சு. மேல துணி வழுவழுன்னு இருந்துச்சு. அதுக்குத் தன்னோட பருத்தித் துப்பட்டாவைச் சுத்திக்கிட்டா.

அப்புறம் சத்தமே இல்லை. கடைக்காரரு பாத்தாரு, பாத்தாரு. "ஏனுங்க்கா, புடிச்சிருக்குதுங்களா?"

கொர்ர்ர்.

"அக்கா! ஆளுங்க தாண்டித் தாண்டிப் போறாங்க, எந்திரிங்க!"

எந்திரிச்சு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "இதைக் கட்டிருங்க"ன்னா. அவ்வளவு நிச்சயம்.

அப்புறம் மலை. நடந்தாங்க நடந்தாங்க, பொழுது சாயற வரைக்கும் நடந்தாங்க. நடு மலையில ஒரு புல்லுத் தரை. அதுதான் படுக்கற இடம். வடக்குப் பக்கம் மேலாக்க உசந்து, தெக்குப் பக்கம் லேசா எறங்கற தரை. கண்ணுக்குச் சட்டுனு தெரியாத சரிவு. ஜெசிந்தா அக்கட்டால அடுப்பு மூட்டப் போயிட்டா. இங்க எல்லாரும் பாயை விரிக்கணும்.

விரிக்கறதுக்கு முன்னாடி திருமூர்த்தி போனை எடுத்தாரு. திசை காட்டற முள்ளைப் பாத்தாரு. "அதுதான் வடக்கு. எல்லாரும் தலையைத் தெக்க வெச்சுக்கங்க"ன்னு ஒரு சத்தம் குடுத்தாரு. நம்மூர்ல யாராவது வடக்க தலை வெச்சுப் படுப்பாங்களா? மாட்டாங்க. வீட்டுல கட்டில் போடறப்பவே பாத்துத்தான் போடுவாங்க. அதனால யாரும் மறுபேச்சுப் பேசலை. வரிசையா, ஒரே சீரா, தெக்க தலை வெச்சுப் படுத்துட்டாங்க.

பூங்கோதை தலகாணியை ஊதுனா. பாதிக் காத்து. துப்பட்டாவைச் சுத்துனா. தலையை வெச்சா.

சர்ர்ர்ர்.

தலகாணி நழுவிப் போயிடுச்சு. எடுத்து வெச்சா. மறுபடியும் சர்ர்ர். காத்தைக் கொஞ்சம் எறக்குனா. சர்ர்ர். துப்பட்டாவைப் பாயோட சேத்து முடிச்சுப் போட்டா. இப்போ தலகாணி நின்னுச்சு, ஆனா இவளே நழுவறா! தலையில ரத்தம் எறங்கி, நெத்தி திம்முனு கனக்குது. கண்ணு மூட மாட்டேங்குது. போன வருசம் சட்டி பானைக்குக் காவல் இருந்தது ஞாபகத்துல வந்துச்சு.

பக்கத்துல இருந்து திருமூர்த்தி சொன்னாரு, "வாங்கிட்டு வந்த அன்னிக்கே சொன்னேனில்ல அம்மிணி? காத்தைப் போயி யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?"

"தலகாணி மேல தப்பில்லீங்க."

"பின்ன உன் தலை மேலயா?"

"தெரியலைங்க. ஆனா தலகாணி மேல இல்லை. நான் படுத்துப் பாத்து வாங்குனது."

எந்திரிச்சு உக்காந்தா. தண்ணி பாட்டிலைத் தொறந்து, பாய்க்குப் பக்கத்துல கொஞ்சம் ஊத்துனா. தண்ணி எந்தப் பக்கம் ஓடும், சொல்லு பாப்போம்?

"...பள்ளத்துக்கு."

அதேதான். கொடகொடன்னு கால்மாட்டுல இருந்து தலைமாட்டுக்கு ஓடுச்சு. திருமூர்த்தி காதை நனைச்சுட்டு ஓடுச்சு. "ஐயோ! என்ன பண்றே?"ன்னு அவரு துள்ளி எந்திரிச்சாரு. பூங்கோதைக்குப் புரிஞ்சுபோச்சு. கடையில தரை சமம். அங்க எந்தப் பக்கம் தலை வெச்சாலும் ஒண்ணுதான். இங்க தலை பள்ளத்துல கிடக்கு, காலு மேட்டுல கிடக்கு.

சட்டுனு பாயோட திரும்புனா. தலகாணியை மேட்டுப் பக்கம் வெச்சா.

"ஏ புள்ள! அது வடக்கு!"

"வடக்கெல்லாம் வீட்டுலதானுங்க. இங்க அது மேடு."

"வெளையாடாத. புள்ளையாருக்கு எந்த ஆனையோட தலை வந்துச்சு? வடக்க தலை வெச்சுப் படுத்த ஆனை. தெரியுமில்ல?"

"என் தலை யாருக்காவது வேணும்னா எடுத்துட்டுப் போகட்டும். கழுத்து வலியோட சேத்து எடுத்துட்டுப் போகட்டும்."

"குறுக்கால படேன், கெழக்க பாத்து."

"குறுக்கால படுத்தா உருண்டு உங்க மேல வந்து விழுவேன். பரவாயில்லீங்களா?"

அந்தப் பக்கமா ரெண்டு பேரு கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. ஒருத்தரு இருட்டுல சத்தமில்லாம பாயைத் திருப்பிக்கிட்டாரு. இன்னொருத்தரு அவரைப் பாத்துத் திருப்பிக்கிட்டாரு, அப்படியே ஒவ்வொருத்தரா எல்லாரும். ஆனா திருமூர்த்தி? அவரு சொன்ன திசை, அவரே மாத்துவாரா? காதைத் தொடைச்சுக்கிட்டு, தெக்க தலை வெச்சு, வெறப்பாப் படுத்துக்கிட்டாரு.

பூங்கோதை தலையை வெச்சா. தலகாணி நகரலை. கழுத்து நேரா நின்னுச்சு. ஒரு தவளை கொரக் கொரக்குன்னுச்சு. அது ரெண்டாந்தரம் கத்துனதை அவ கேக்கலை.

ம்?

"...ம்."

அப்புறம் விடிஞ்சுது. ஜெசிந்தா வந்தா. "எல்லாரும் ஒத்தைக் கால்!"ன்னா.

பூங்கோதை கண்ணை மூடுனா. வலது காலைத் தூக்குனா. காத்து வீசுது, அவ ஆடலை. ஒரு பூச்சி மூக்குல உக்காந்துச்சு, அப்பவும் ஆடலை. வாய்க்கா வரப்புல நிக்கற கொக்காட்டம் நின்னா. "போதுங்க்கா, காலை எறக்குங்க"ன்னு ஜெசிந்தாவே வந்து தொட்டுச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அப்புறம் திருமூர்த்தி முறை. கண்ணு ரெண்டும் செக்கச் செவேல்னு மொளகாப் பழமாட்டம் இருந்துச்சு. காலைத் தூக்குனாரு. இப்படி ஆடுனாரு. அப்படி ஆடுனாரு. தொபுக்கடீர்!

"அண்ணா, நீங்க தூங்கலை"ன்னா ஜெசிந்தா.

"தூங்குனனே! காலு மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

"சரி, இன்னொருக்கா நில்லுங்க."

நின்னாரு. தொபுக்கடீர்.

பூங்கோதை சிரிக்கலை. போன வருசம் விழுந்தது அவதானே. கையைக் குடுத்துத் தூக்கி விட்டா. அவரு புல்லைத் தட்டிவிட்டுக்கிட்டே, வேற எங்கேயோ பாத்துக்கிட்டு, "நீ போய்ட்டு வா அம்மிணி. பாத்துக் கால் வெச்சுப் போ"ன்னாரு.

"வரேனுங்க"ன்னா.

தலகாணியை மடிச்சுப் பையில வெக்கலை. பாய் மேல இருந்தபடியே விட்டுட்டுப் போனா.

ஏறுனா. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். தலை சுத்தலை. காலு வெச்ச இடத்துல நின்னுச்சு. மேல போய் நின்னா. காத்து விர்ருனு வந்துச்சு. கீழ பாத்தா, அங்க ஒரு தண்ணி, இங்க ஒரு தண்ணி, நடுவுல தென்னந்தோப்பெல்லாம் பச்சைப் பாயாட்டம் கிடக்குது. கூட வந்தவங்க எல்லாம் ஆகா ஆகான்னாங்க. அவ கண்ணு கொள்ற மட்டும் பாத்துக்கிட்டே நின்னா. ஜெசிந்தா கூப்பிட்ட அப்புறம்தான் திரும்புனா.

எறங்கி வந்தா, புல்லுத் தரையில ஒரு சத்தம். கொர்ர்ர்... புஸ்ஸ். கொர்ர்ர்... புஸ்ஸ். திருமூர்த்தி அவ பாயில, அவ தலகாணியில, மேட்டுப் பக்கம் தலை வெச்சு, வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்கறாரு. வந்தவங்க பையை எறக்கி வெச்சுட்டு டீக்கு அடுப்பு மூட்டப் போனாங்க.

பூங்கோதை பக்கத்துல உக்காந்தா. ஒரு எறும்பு அவரு காது மடல் மேல ஏறிக்கிட்டிருந்துச்சு. குனிஞ்சு, மெதுவா ஃபூன்னு ஊதி விட்டா.

அவ்வளவுதான். கதை மலையேறிடுச்சு, நீ கண்ணை மூடிக்க.