ஆறடி தள்ளி ஒரு கல்யாணம்

கொள்ளைநோய்க் காலத்தில் வெள்ளந்திப்பட்டி அளவுக்குச் சொன்ன பேச்சைக் கேட்ட ஊர் எதுவும் கிடையாது. நர்ஸம்மா வந்து ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்தார். அழுக்காகிவிடுமே என்று பட்டுப்புடவையோடு பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். "கல்யாணமே ஆனாலும் ஆறடி தள்ளி நில்லுங்க" என்றும் சொன்னார். அதை மட்டும் உயிராகப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மாசிலாமணிக்குக் கல்யாணம். பார்த்த இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் அமைந்தவள் செங்கமலம். அவளுடைய பெரியப்பா கருப்பணன் முரட்டு ஆள். "முகூர்த்தம் தவறுச்சுன்னா பொண்ண வேன்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று வந்ததிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்தார். மாசிலாமணி அந்த வேனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவன் தாலியைக் கையில் எடுத்ததும் நாட்டாமை பதறினார். "மாப்ளே, ஆறடி!"

முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி வந்தது. நுனியில் தாலியை மாட்டி நீட்டினான். அது பெண்ணின் மூக்கில் இடித்து, தோரணத்தில் சிக்கி, ஒருவழியாகக் கழுத்தில் விழுந்தது. முடிச்சை யார் போடுவது?

"நானே போட்டுக்கிறேன்" என்றாள் செங்கமலம்.

"பொறும்மா. உன் கைக்கும் கழுத்துக்கும் ஆறடி இருக்கா?" என்றார் நாட்டாமை.

சபை திகைத்துவிட்டது. அளந்து பார்க்க ஊரே மணவறையில் ஏறி, ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்து, ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"ஒரு முழங்கூட இல்லியே!"

"அவ சொந்தக் கைதானப்பா?"

"நோய்க்குச் சொந்தம் பந்தம் தெரியுமா?"

நியாயமான கேள்வி.

"முகூர்த்தம் முடியப்போகுது!" என்று மாசிலாமணி அழாத குறையாகக் கத்தினான். சோப்புப் போட்டுக் கழுவிய கை கணக்கில் சேராது என்று கடைசியில் தீர்ப்பானது. செங்கமலம் கைகழுவி வந்து முடிச்சைப் போட்டாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து நாட்டாமை அவனுடைய ஒற்றை அறை வீட்டை அளந்தார். பாயை எந்த மூலையில் விரித்தாலும் இருவருக்கும் நடுவில் ஆறடி தேறவில்லை.

"ரெண்டு பேரும் இங்க இருக்க முடியாது மாப்ளே. பொண்ணு புகுந்த வீட்ல இருந்தாகணும், அது சம்பிரதாயம்."

"அப்ப நான்?"

பெண்வீட்டார் வந்த வேனில் மூச்சு விடக்கூட இடமில்லை. ஆனாலும் மாப்பிள்ளையை அதில் திணித்துவிட்டார்கள். செங்கமலம் வாசலில் நின்று கையசைத்தாள். ஊர்ப்பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கருப்பணன் மடியில் உட்கார்ந்திருந்த மாசிலாமணிக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

"பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவேன்னு குதிச்சீங்களே மாமா! இப்பப் பாத்தீங்களா, விட்டுட்டுத்தான போறீங்க!"