கொட்டாவிக்குச் சொடக்கு

முன்னொரு காலத்தில் தாழையூர்ச் சீமையைச் செண்பகராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் குணம் ஆடிமாதக் காற்று மாதிரி, எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் நாட்டிலுள்ள விகடகவிகளை எல்லாம் வரவழைத்தார். அவர்கள் குட்டிக்கரணம் போட்டார்கள், கழுதை போலக் கத்தினார்கள். ராஜாவுக்குச் சிரிப்பே வரவில்லை. எனக்கு வராத சிரிப்பு சபையில் வேறு யாருக்கும் வரக்கூடாது, சிரித்தவர் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கொட்டாவி வந்தால் வாய்க்கு நேரே சொடக்குப் போடுவது நம் வீடுகளில் உள்ளதுதான். ஆனால் ராஜா தம் கையாலேயே போட்டுக்கொள்ளலாமா? அவர் கொட்டாவி விட்டால் சபை முழுவதும் சொடக்குப் போடும்.

ஒருநாள் மத்தியானம், தயிர்சாதம் உண்ட கையோடு சபை கூடியது. ஒரு வாய்க்கால் தகராற்றைத் அரண்மனை அதிகாரியான தானாபதி வீரகேசவர் நீட்டி நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். ராஜா கொட்டாவி விட்டார். சபை சடசடவென்று சொடக்குப் போட்டது. கொட்டாவி தொற்றிக்கொள்ளுமே. சொடக்குப் போட்டவர்களும் வாயைப் பிளந்தார்கள். வாய்க்காலுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட இருவரும் ஒருவர் வாய்க்கு ஒருவர் சொடக்குப் போட்டார்கள்.

தூணோரம் வெற்றிலைத் தட்டுடன் நின்ற பூவாயி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பாதி விட்ட கொட்டாவிகள் பாதியிலேயே நின்றன. பூவாயிக்கு வீட்டில் பால்குடி மாறாத பிள்ளையும் படுக்கையில் கிடக்கும் மாமியாரும். அவள் எங்கே போவாள்?

வீரகேசவருக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். அமைச்சர் உலகநாதர் மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. பூவாயியை வேலைக்குச் சேர்த்தது அமைச்சர்தான். அவளைத் துரத்தினால் போதாது, சேர்த்தவரையும் சேர்த்துத் துரத்தவேண்டும் என்றார்.

அமைச்சர் எழுந்தார். "மகாராஜா, அவள் கண்டது என்ன என்று தெரியாமல் தீர்ப்பு எப்படி? அவள் நின்ற இடத்தில் தாங்கள் தட்டோடு நிற்கவேண்டும். தங்கள் ஆசனத்தில் ஒருவர் உட்கார்ந்து கொட்டாவி விடவேண்டும்."

சிங்காசனத்தில் இன்னொருவரா? எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இறங்கி வந்து பூவாயியிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"யார் உட்காருவது?" என்று கேட்டு அவர் திரும்புமுன் வீரகேசவர் சிங்காசனத்தின் மூன்றாம் படியில் இருந்தார். "முறைக்காகத்தான்" என்று சொல்லி நன்றாகச் சாய்ந்துகொண்டு, வாயை அகலத் திறந்தார். பொய்யாகத் தொடங்கிய கொட்டாவி மெய்யாகவே வந்துவிட்டது.

சிங்காசனத்தில் கொட்டாவி என்றால் கைகளுக்கு அது போதாதா? சபை முழுவதும் சொடக்குப் போட்டது. கூடவே தூணோரம் தடாலென்று ஒரு சத்தம். தட்டு கீழே கிடந்தது. கொட்டைப்பாக்கு நாலாபக்கமும் உருண்டது. ராஜாவின் விரல்கள் சொடக்குப் போட்டபடி நீட்டி நின்றன.

ராஜா தானாபதிக்கே சொடக்குப் போட்டுவிட்டார்! வீரகேசவருக்குத் திறந்த வாய் மூடவில்லை. ராஜா தம் விரல்களைப் பார்த்தார், அந்த வாயைப் பார்த்தார். தூணைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பூவாயி மெல்லக் கேட்டாள்: "மகாராஜா, பொழுது சாயறதுக்குள்ள நீங்களும் கிளம்பணுமா?"

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சட்டம் கிளம்பட்டும், தாயே. நாம் இருவரும் இங்கேயே இருப்போம்" என்றார் ராஜா. தம் கைக் கடகத்தைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். "விகடகவிகளுக்குக் கூலி கொடுத்துச் சிரிப்பைத் தேடினேன் அமைச்சரே, அது தினமும் என் எதிரிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்திருக்கிறது" என்றார். பிறகு படிகளைப் பார்த்தார். "வீரகேசவரே, ஆசனம் சுகமாக இருக்கிறதா?"

அவர் வழுக்கிக்கொண்டே இறங்கினார். மனதாரச் சிரிக்கும்வரை தட்டேந்தி அந்தத் தூணோரம் நிற்கவேண்டும் என்பது அவருக்குத் தீர்ப்பு.

மறுநாள் தயிர்சாதத்துக்குப் பிறகு ராஜா கொட்டாவி விட்டார். சபை சொடக்குப் போட்டது. தூணோரம் தட்டு விழுந்தது. அதற்கடுத்து எல்லோரும் கேட்டது வீரகேசவரின் சிரிப்பு.