கையுறைக்கு இல்லாத எண்

பல்கலைக்கழகத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கழிப்பறை கழுவுகிறவன் நான். ஆனால் எல்லாரும் மெச்சுவது நேற்று வந்த பேச்சியம்மாளை.

ஆசிட் பட்டுக் கை வெந்ததால் கையுறை கேட்டோம். நிதி அதிகாரி சிரித்தார்.

"கம்ப்யூட்டர்ல அதுக்குக் கணக்கு எண்ணே இல்லை. கண்டுபிடிச்சுட்டு வாங்க, கையெழுத்துப் போடுறேன்."

நான் திரும்பிவிட்டேன். பேச்சியம்மாள் கம்ப்யூட்டர் ஆபரேட்டரிடம் போனாள்.

"அண்ணே, கையுறையைத் தேடாதீங்க. முன்னே குடுத்துட்டிருந்தது நின்ன மாசந்தான் நிதி ஐயா ரூமுக்குத் திரைச்சீலை வந்துச்சு. அந்தத் திரைச்சீலைச் செலவு எந்த எண்ல இருக்குன்னு பாருங்க."

'துப்புரவுப் பணியாளர் பாதுகாப்பு' என்று திரையில் வந்தது.

அதிகாரியிடம் எண்ணைச் சொல்லி, "இதுதானான்னு துணைவேந்தர் ஐயாகிட்டயும் கேட்டுரவா?" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

எனக்கும் ஒரு ஜோடி தந்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. நான் இன்னும் வெறுங்கையால்தான் கழுவுகிறேன்.