மரக்கால் நிறையப் பொன்

வானம் இப்போதிருப்பதைவிட மூன்று பனை உயரம் தாழ்வாக இருந்த காலம் அது. நாரைகள் தலைகுனிந்துகொண்டுதான் பறக்கும். நம்பாதவர்கள் ஒரு நாரையைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஆலமடை என்ற ஊரில் உடையப்பன் என்று ஒருவன் இருந்தான். களத்தில் நெல் அளப்பது அவன் தொழில். ஊருக்கென்று முத்திரை குத்திய மரக்கால் ஒன்றே ஒன்று. அது அவனிடம் இருந்தது. அதில் அளக்காமல் ஒரு மணி நெல்லும் களத்தைவிட்டுப் போகாது. அதுதான் ஊர்க் கட்டுப்பாடு.

நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்வதில்லை, தெரியுமல்லவா? ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுபோகுமாம். அதனால் "லாபம்" என்பார்கள். பிறகுதான் ரெண்டு, மூணு. உடையப்பன் "லாபம்" என்று குரலெடுத்தால் மூன்று காதத்துக்கு மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். அளந்து முடிக்கும்போது அவன் முகம் பூத்திருக்கும். கூலியாகக் கிடைப்பது இரண்டு மரக்கால் நெல்தான். ஆனால் ராஜநடை போட்டு வீட்டுக்குப் போவான்.

ஒரு புரட்டாசியில் அந்நாட்டு அரசனுக்குப் பசி தொலைந்துபோயிற்று. ஒரு வைத்தியர் இஞ்சி கொடுத்தார். ஒரு வைத்தியர் வேம்பு கொடுத்தார். ஒரு வைத்தியர் மலையேறி இறங்கச் சொன்னார். அரசன் இளைத்ததுதான் மிச்சம். பல்லக்கில் ஆலமடை வழியே வந்தவன் காதில் "லாபம்! ரெண்டே! மூணே!" என்று விழுந்தது. வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டியது போலிருந்தது அவனுக்கு. பல்லக்கிலிருந்து குதித்தான். களத்து ஆட்கள் வைத்திருந்த கூழில் மூன்று கலயத்தைக் காலி செய்தான்.

"நீட்டய்யா உன் மரக்காலை!" என்றான். தன் கையாலேயே பொற்காசுகளை அள்ளி, கோபுரம் போலக் குவித்துக் கொடுத்தான்.

இங்கேதான் வந்தது வினை. நெல் அளப்பவனுக்கு அளவுதானே உயிர்? மரக்காலைக் கவிழ்த்துக் காசை வேறு பானையில் போட்டால், அரசன் குவித்த குவியல் திரும்ப வருமா? ஒரு காசு சரிந்தாலும் அளவு குறைந்ததாகிவிடாதா? உடையப்பன் பொன்னை மரக்காலோடு அப்படியே அடுப்படியில் குழிதோண்டி இறக்கினான். மேலே அம்மிக்கல்லை வைத்தான். அம்மிக்கல்லின் மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

அவன் மனைவி அங்காயி தேங்காய் மூடியோடு வந்து நின்றாள். "மாமா, எழுந்திருங்க. அரைக்கணும்."

"அரைக்காமலே குழம்பு வை, புள்ள."

"வைக்கிறேன். தின்கிறப்போ மூஞ்சியக் கோணக்கூடாது."

ஐப்பசியில் அவன் பாட்டு நின்றது. வாயைத் திறந்தால் ஊருக்குப் பொன் ஞாபகம் வந்துவிடுமே என்று பயம். கார்த்திகையில் சிரிப்பு நின்றது. சிரிப்பவனிடம்தானே கைமாற்றுக் கேட்க வருவார்கள்? மார்கழியில் பேச்சே நின்றது. அரைக்காத குழம்பை விழுங்கிக்கொண்டு அம்மிமேல் இருந்தான். வீட்டில் ஒரு மரக்கால் பொன் இருந்தும், அவன் முகத்தில் ஒரு குன்றிமணி அளவு வெளிச்சம் இல்லை.

தை பிறந்தது. ஊர் நெல் முழுவதும் அறுத்து, அடித்து, தூற்றி, களத்தில் குன்றுபோலக் கிடந்தது. அன்று பார்த்துக் கிழக்கே வானம் கறுத்தது. தட்டான்கள் தரையை ஒட்டிப் பறந்தன. உச்சிப்பொழுதுக்குள் அளந்து வீடு சேர்க்காவிட்டால் ஒரு வருஷச் சோறு களத்திலேயே முளைத்துவிடும். ஊரே உடையப்பன் வாசலுக்கு ஓடிவந்தது.

"மரக்காலை எடுப்பா!" என்றார் மணியக்காரர் தாண்டவராயர்.

"உடைஞ்சு போச்சுங்க" என்றான் உடையப்பன், அம்மியைவிட்டு நகராமல்.

"இரும்புப் பட்டை போட்டதாச்சே?"

"கரையான் அரிச்சிருச்சு."

"இரும்பையா?"

"இல்லைங்க... மாமியார் வீட்டுல இருக்கு."

உள்ளிருந்து அங்காயி குரல் கொடுத்தாள். "எங்கம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு மாமா. மேலோகத்துல எதை அளக்குறாளாம்?"

கூட்டம் சிரித்தது. அதில் சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். கூலிக்கு அறுப்பறுக்கும் காத்தாயி. கையிலிருந்த வெற்றுக் கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அந்தக் குவியல்ல என் கூலி பன்னிரண்டு மரக்கால் கிடக்கு. இந்த வருஷத்துக்கு எனக்கு அவ்வளவுதான். நீ வந்து லாபம் சொன்னாத்தான் அது என் நெல்லு. சொல்லலைன்னா அது மழையோட நெல்லு."

உடையப்பன் அவள் கூடையைப் பார்த்தான். பிறகு எழுந்து அம்மிக்கல்லைப் புரட்டினான்.

களத்தில் வைக்கோல் போர் ஓரமாக மரக்காலைக் கவிழ்த்தான். கலகலவென்று பொன் சரிந்தது. குவியல் போனது; கோபுரமும் போனது. நெல்லை அள்ளினான். ஒரு கண் நெல்லில், ஒரு கண் பொன்னில். வாயைத் திறந்தான். நாள்பட்ட கதவு திறப்பதுபோல ஒரு கீச்சு வந்தது.

"கீலுக்கு எண்ணெய் விடுங்கப்பா!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

மறுபடி திறந்தான். தவளை கத்துவதுபோல வந்தது. கண் பொன் பக்கம் போனதால் நெல் பாதி கீழே சிந்தியது. அளவுக்காரன் கையில் நெல் சிந்துவதா! வெட்கத்தில் காது சிவந்துபோயிற்று.

உடையப்பன் மெதுவாகத் திரும்பி, பொன்னுக்கு முதுகைக் காட்டி நின்றான். எதிரே நெல் இருந்தது. சாக்கைப் பிடித்துக்கொண்டு ஊர் நின்றது. மூன்றாவது முறை மூச்சை இழுத்தான்.

"லா...பம்!"

அடேயப்பா! மூன்று காதத்துக்கு மாடுகள் நிமிர்ந்தன. களத்துக்கு மேலே வந்துவிட்ட மேகம், "பாவம், எண்ணி முடிக்கட்டும்" என்று காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ரெண்டே, மூணே, நாலே! காத்தாயியின் பன்னிரண்டை அளந்தான். மணியக்காரரின் ஆயிரத்தை அளந்தான். அளக்க அளக்க, நான்கு மாதமாக நெஞ்சில் அடைத்திருந்ததெல்லாம் குரலோடு குரலாக வெளியே போயிற்று. கடைசிச் சாக்கு களத்தைத் தாண்டியதும் மேகம் எழுந்தது. கொட்டியது பாருங்கள் மழை, மூன்று நாள்!

தொப்பலாக நனைந்து உடையப்பன் வீட்டுக்குப் போனான். அங்காயி அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்தாள். மூன்று நாளும் உண்டான், பாடினான், சிரித்தான். நாலாம் நாள் வெயில் வந்தபோது அங்காயிதான் கேட்டாள்.

"ஏன் மாமா, பொன்னை எங்க வச்சீங்க?"

அவனுக்கு அப்போதுதான் நினைப்பே வந்தது! இருவரும் களத்துக்கு ஓடினார்கள். வைக்கோல் போரின் ஓரத்தில் காசு அப்படியே கிடந்தது. நெல்லைச் சுமந்து ஓடிய அவசரத்தில் எவருக்கும் அதன் நினைப்பே இல்லை. அதன் மேல் கருங்கோழி ஒன்று சிறகை விரித்து அடைகாத்துக்கொண்டிருந்தது.

அங்காயி இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "மூணு நாளா உட்கார்ந்திருக்கு, ஒரு குஞ்சும் பொரிக்கல. நீங்க நாலு மாசம் உட்கார்ந்தீங்களே மாமா, உங்களுக்கு எத்தனை பொரிச்சுது?"

உடையப்பன் சிரித்த சிரிப்பில் கோழி பயந்து அடுத்த ஊருக்கே பறந்துவிட்டது.

அன்றே மணியக்காரரைக் கூப்பிட்டான். பாதிப் பொன்னில் களத்துக்குக் கல்லால் தளமும் மழைக்கு நனையாத கூரையும் போட்டார்கள். காத்தாயிக்கு ஒரு பால்மாடு வந்தது. முதுமைக்கென்று கொஞ்சத்தைப் பானையில் போட்டு, "இதை மறந்துவிடு" என்று அங்காயியிடம் கொடுத்தான். அவள் மறக்கவில்லை, அது வேறு விஷயம்.

பொன் கொடுத்த அரசனுக்கும், காத்திருந்த மேகத்துக்கும், வெற்றுக் கூடையோடு வந்த காத்தாயிக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அதன்பிறகு ஒவ்வொரு அறுவடையிலும் அவன் மரக்காலில் கைவைத்தான். ஓடிப்போன கோழிக்கும் ஒரு கும்பிடு உண்டு.

ஆகவே கேட்டவர்களே, செல்வத்தைக் காப்பதற்காகத் தன் திறமையை அடைத்துவைப்பவன் இரண்டின் பயனையும் இழப்பான். திறமையைப் புழங்கவிட்டு, செல்வத்தையும் நல்லதற்குப் பயன்படுத்துகிறவனே மனம் நிறைந்து வாழ்வான்.