விழுந்த பழம் தின்ற மந்தி

மலைக்காட்டு ஓடையில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் இல்லை. பதினொரு குரங்குகள் மலையை விட்டு இறங்கி, கீழே ஒரு பனங்காட்டுக்கு வந்து சேர்ந்தன. நடுவில் ஒரு குளம், சுற்றிலும் பனைமரம், காலுக்கடியில் சுடுமணல். அங்கங்கே இலந்தைப் புதர். வேறொன்றும் இல்லை.

கூட்டத்துக்குப் பெரியது கிளையப்பன் என்ற கிழட்டுக் கடுவன். எல்லாருக்கும் பின்னால், மெதுவாக இறங்கி வந்தது சிவந்தி என்ற மந்தி. பிறந்து இருபது நாள்கூட ஆகாத குட்டி ஒன்று அதன் வயிற்றைப் பற்றிக்கொண்டு தொங்கியது.

பனையின் உச்சியில் கருகருவென்று குலைகுலையாகப் பழம். நாலைந்து குரங்குகள் பாய்ந்து ஏறின. ஏறின வேகத்திலேயே இறங்கியும் விட்டன. ஆள் ஏறிப் பழகாத பனை அது. காய்ந்த மட்டைகள் அடிமரம் வரைக்கும் தொங்கின. மட்டை ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரிக் கருக்கு. உள்ளங்கையைக் கிழித்துவிட்டது.

அப்படியானால் கீழே பழமே இல்லையா? இருந்தது. தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டேதான் இருந்தது. மூக்காயி என்ற காட்டுப்பன்றி ஏழு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, வாயெல்லாம் மஞ்சளாகத் தின்றுவிட்டுப் போனது. குரங்குகள்தான் தொடவில்லை. மலையில் அவற்றுக்கு ஒரு கட்டு உண்டு. கிளையில் இருப்பதைத் தின்னலாம், மண்ணில் விழுந்ததைத் தொடக்கூடாது. தொட்டவருக்கு யாரும் பேன் பார்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் ஒரு தண்டனையா என்று நமக்குத் தோன்றும். குரங்கைக் கேட்டால் தெரியும். இரை இல்லாமல் நாலு நாள் இருந்துவிடும். தன் முதுகில் இன்னொரு கை படாமல் ஒரு நாள் இருக்காது.

நாலு நாளாக இலந்தை இலையைக் கடித்து ஓட்டின. ஐந்தாம் நாள் சிவந்திக்குப் பால் வற்றிவிட்டது. அதுவரை கத்திக்கொண்டிருந்த குட்டி அன்றைக்குக் கத்தவில்லை. கத்தாததுதான் சிவந்தியைப் பயமுறுத்தியது.

அந்தப் பக்கம் வந்த மூக்காயி நின்று பார்த்தது. "என்ன தங்கச்சி, அண்ணாந்தே உக்காந்திருக்கே? பனை குனிஞ்சு உனக்கு ஊட்டிவிடும்னு பாக்கிறியா?"

"விழுந்ததை நாங்க தின்ன மாட்டோம் அக்கா."

"ஏன்?"

ஏன் என்று சிவந்திக்கும் தெரியாது. இதுவரை யாரும் அதை அப்படிக் கேட்டதே இல்லை.

மூக்காயி அதற்காகக் கேலி செய்யவில்லை. வந்த அன்றைக்கு உங்கள் ஆட்கள் நாங்கள் சேற்றில் புரள்வதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், அவரவர் வழக்கம் அவரவருக்கு, ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

சிவந்தி நேரே கிளையப்பனிடம் போய்க் கேட்டது. தன் பாட்டன் சொன்னது, பாட்டனுக்கு அவன் பாட்டன் சொன்னது, அதற்கு மேல் கேட்கக்கூடாது என்றது கிளையப்பன். கேட்கக்கூடாது என்று சொன்னதுமே கிளையப்பனுக்கும் காரணம் தெரியாது என்பது சிவந்திக்குப் புரிந்துபோயிற்று.

குட்டியை அணைத்துக்கொண்டு தானே யோசித்தது. மலையில் மரத்தடி எப்போதும் ஈரம். காலையில் விழுந்த அத்திப்பழத்தில் மத்தியானத்துக்குள் புழு நெளியும். அதன் சித்தி ஒருத்தி அப்படி ஒன்றைத் தின்று, வயிற்றாலே போய்ச் செத்ததைச் சின்ன வயசில் பார்த்திருந்தது. சிவந்தி குனிந்து மணலில் கையை வைத்தது. பொரிந்துகொண்டிருந்தது. ஈரமாவது, புழுவாவது!

அப்போதுதான் விழுந்த ஒரு பழத்தை எடுத்து மோந்து பார்த்தது. புளிப்பு வாடை இல்லை. ஒளிந்துகொள்ளாமல், எல்லாரும் பார்க்க நட்டநடு வெட்டவெளியில் உட்கார்ந்து தின்றது.

கிளையப்பன் ஒரு உறுமல் உறுமியது. அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த அக்கா தங்கச்சிகள் எழுந்து தள்ளிப் போய்விட்டன.

மறுநாள் பால் சுரந்தது. குட்டி முட்டி முட்டிக் குடித்தது. ஆனால் பனங்காட்டு உண்ணிகள் சும்மா இருக்குமா? கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து முதுகில் ஏறிக்கொண்டன. சிவந்தி மரத்தில் தேய்த்தது, மணலில் தேய்த்தது, ஒன்றும் நடக்கவில்லை. மூக்காயி அதைக் குளத்தோரம் கூட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் புரளச் சொன்னது. இதுவும் ஆயிற்றா என்று சிவந்தி குட்டியைக் கரையில் வைத்துவிட்டுப் புரண்டது. குரங்குக் கூட்டம் பல்லைக் காட்டிச் சிரித்தது. ஆனால் வெயிலில் சேறு காய்ந்து வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தபோது, உண்ணியும் அதோடு உதிர்ந்தது.

பதிலுக்கு என்ன செய்வது? சிவந்தி மூக்காயியின் முரட்டு மயிரை விலக்கி, காதுக்குப் பின்னால், சேறு போய்ச் சேராத மடிப்பில் இருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. மூக்காயிக்குக் கண் சொக்கிவிட்டது. பன்றி வம்சத்தில் யாருக்கும் கிடைக்காத சுகம் அது. "எனக்கு, எனக்கு" என்று ஏழு குட்டிகளும் இடித்துக்கொண்டு வரிசையில் நின்றன.

மற்றக் குரங்குகள் இதையும் பார்த்தன. பால் குடித்துத் தூங்கும் குட்டியையும் பார்த்தன.

அதற்கடுத்த நாள் மத்தியானம் கிளையப்பன் பசி மயக்கத்தில் கண்ணயர்ந்தது. விழித்துப் பார்த்தால் ஒன்பது குரங்குகளும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தன. ஒன்பது வாயும் மஞ்சள். பல்லிடுக்கில் பழநார் தொங்கியது. என்ன இது என்று அதட்டினால், ஒன்று வெயில் பட்டு அப்படித் தெரிகிறது என்றது. இன்னொன்று பல்வலிக்கு ஏதோ பூசிக்கொண்டதாம்.

இனி உங்கள் யாருக்கும் யாரும் பேன் பார்க்கக்கூடாது என்று கிளையப்பன் கத்தியது. அவை எழுந்து போய்ச் சிவந்தியோடு சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. முன்னால் இருந்ததன் முதுகைப் பின்னால் இருந்தது பார்த்தது. கட்டுப்பாட்டை மீறாத குரங்கு காட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதன் முதுகைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கிளையப்பனுக்கு முதுகு அரித்தது. வயிறு எரிந்தது. சிவந்தி ஒரு பழத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது.

"எங்க பாட்டன் என்ன பொய்யா சொன்னாரு?" என்று கேட்டது கிளையப்பன். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"இல்லை மாமா. மலைக்கு அவர் சொன்னது சரிதான். இந்த மணலை அவர் கண்ணால பாத்ததில்லையே. அழுகினதை நாங்க இங்கேயும் தொடல. மோந்து பாத்துட்டுத்தான் தின்னோம்."

கிழட்டுக் கடுவன் பழத்தை எடுத்து வெகுநேரம் மோந்தது. திருப்பித் திருப்பி மோந்தது. பிறகு கடித்தது. இருக்கிற நாலு பல்லிலும் நார் சிக்கிக்கொண்டது.

தின்று முடித்தது. சிவந்தியின் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டது.

சிவந்தி தோள்பட்டையிலிருந்து பார்க்க ஆரம்பித்தது.

ஆகவே, பழைய வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் போடவும் வேண்டாம், கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். அது எந்த மண்ணில் எதற்காகப் பிறந்தது என்று கேட்கத் தெரிந்தவர் எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வார்.