கான்செர்ட்டோவின் நடுப்பகுதி

வெனிஸ் நகரத்தில் அநாதைப் பெண்கள் வளரும் மடம் ஒன்று இருந்தது. நன்றாக வாசிக்கிறவர்களுக்கு அங்கே வயலின். மற்றவர்களுக்கு ஆயுசுக்கும் லேஸ் பின்னும் அறை.

மடத்து மாதா கோயிலில் பெண்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். முகம் தெரியாது. கோயில் என்பதால் கைதட்டவும் கூடாது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பிடித்துப்போனால் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், காலைத் தரையில் தேய்ப்பார்கள். நல்ல வாசிப்பென்றால் ஊருக்கே ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும்.

பவுலீனாவுக்கு முப்பது வயது. அந்த இருமலுக்கு ஏங்குகிறவள்.

மடத்தின் இசை குரு, பாதிரியார் தோமாசோ, புதிதாக ஒரு வயலின் கான்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் மூன்று பகுதி இசை, எழுதியிருந்தார். திருவிழாவில் அதில் தனி வயலின் வாசிக்கப் பவுலீனாவைச் சொல்லியிருந்தார். கேட்கிற ஜனங்களுக்குப் பிடித்தால் அந்த இடம் அவளுக்கு நிரந்தரம். பிடிக்காவிட்டால் லேஸ் அறை. மடத்துத் தலைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் ஒரே ஓட்டம். நடுப்பகுதியில் மட்டும் நீள நீளமாகச் சில சுரங்கள், அவ்வளவுதான். இப்படி விட்ட இடத்தை வாசிப்பவர் தன் கற்பனையால் நிரப்புவது அந்தக் கால வழக்கம். ஒத்திகையில் பவுலீனாவும் நிரப்பினாள். மூச்சுவிட இடமில்லாமல் நிரப்பினாள்.

"எப்படி, குருவே?"

அவர் லேஸ் அறையிலிருந்து ஜினெவ்ராவைக் கூட்டிவரச் சொன்னார். ஒரு காலத்தில் தனி வயலின் அவள்தான். காய்ச்சலில் இரண்டு விரல் விறைத்துப்போய் அந்த அறைக்குப் போனவள்.

"நடுப்பகுதியை வாசி, அம்மா."

ஜினெவ்ரா எழுதியிருந்ததை மட்டும் வாசித்தாள். முடிந்த பிறகும் பவுலீனா அசையவில்லை.

"அக்கா, நீங்கள் ஏன் ஒன்றுமே சேர்க்கவில்லை?"

"நன்றாகக் கேட்டாய், போ! இந்தக் கையை வைத்துக்கொண்டா?" என்று சிரித்தாள் ஜினெவ்ரா.

பவுலீனா குருவைப் பார்த்தாள்.

"இவள் கை இப்படியான வருஷம் எழுதியது இந்த நடுப்பகுதி. இவள் விரலுக்கு எட்டும் சுரங்கள்தான் அதில் இருக்கின்றன. முன்னும் பின்னும் இருப்பதை உனக்காகப் பிறகு எழுதினேன்."

"அப்படியானால் திருவிழாவில் நான் எப்படி வாசிக்கட்டும்?"

"அது உன் பாடு" என்று எழுந்துபோனார்.

திருவிழா வந்தது. முதல் பகுதி முடிந்ததும் கோயிலே இருமியது. நடுப்பகுதியில் பவுலீனா எதையும் சேர்க்கவில்லை. அது முடிந்தபோது ஒரு செருமல்கூட எழவில்லை. கடைசிப் பகுதியை எப்படி வாசித்து முடித்தாளோ, வயலினோடு குருவிடம் ஓடினாள்.

"போச்சு, குருவே! நடுப்பகுதிக்கு ஒருவர்கூட இருமவில்லை. நான் லேஸ் அறைக்குப் போக வேண்டியதுதானா?"

குரு இசைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அன்றைக்கு ஜினெவ்ரா வாசித்தபோது நீ இருமினாயா?"