தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா

சந்தனமாரி டீச்சர் ஓட்டமும் நடையுமாக மடத்துக்கு வந்து சேர்ந்தபோது, சாமி முற்றத்து வெயிலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

சாமி ஒரு பெண். டீச்சரைவிட வயதில் இளையவர். அதனால் என்ன, டீச்சருக்கு அவர்தான் குரு. ஊரே, கட்டிய கணவர் உட்பட, சந்தனமாரியை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். பெயர் சொல்லி அழைக்கிற ஒரே ஆள் சாமி.

"உக்காரு மாரி. பையனுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே?"

"இன்னும் இறங்கல சாமி. இப்பத்தான் கண்ணசந்தான். அவங்கப்பா பக்கத்துல இருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

சாமி கொஞ்சம் புளியை அவள் பக்கம் தள்ளினார். கை சும்மா இருந்து பழக்கமில்லாதவள் டீச்சர். கேட்க வந்ததை விட்டுவிட்டு முதலில் கொட்டை எடுக்கத் தொடங்கினாள்.

அந்தச் சின்ன ஊரில் அவள் தலையிடாத காரியம் கிடையாது. செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்து வருவாள். பேன் பிடித்த தலைகளுக்கு மருந்து தேய்த்துச் சீவிவிடுவாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷனா, நாத்தனாருக்கு வளைகாப்பா, அங்கேயும் அவள்தான் முன்னால் நிற்பாள். இத்தனைக்கும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, பாவம். இன்றைக்கு அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"தர்ஷன் என் வகுப்புலதான் படிக்கான் சாமி. சேர்ந்த அன்னிக்கே சொல்லிட்டேன், இங்க நான் உனக்கு அம்மா இல்ல, டீச்சர்னு. நாளைக்கு ஒருத்தரும் ஓரவஞ்சனைன்னு பேசிரக் கூடாதுல்ல."

"சரிதான். வீட்டுக்கு வந்ததும் மாத்திச் சொன்னியா?"

டீச்சர் எடுத்த கொட்டையை ஒதுக்கிப் போட்டாள். அடுத்த புளியை எடுத்தாள்.

"நேத்து சாயங்காலம் காய்ச்சல்ல படுத்திருக்கான். கட்டில்ல கிடந்துக்கிட்டே கேக்கான் சாமி, 'டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா'ன்னு. எங்க வீட்டுல, எங்கிட்ட கேக்கான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? நெனச்சா இப்பவும் பகீர்னு இருக்கு."

சாமி இன்னும் கொஞ்சம் புளியை அவள் பக்கம் தள்ளினார். டீச்சருக்கு அதுவே போதுமாக இருந்தது. அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டத் தொடங்கியது.

"வகுப்புல மத்த பிள்ளைங்க வாய் தவறி என்னை அம்மான்னு கூப்பிடும். நானும் 'என்னய்யா'ன்னு கேப்பேன். அன்னைக்குப் பூரா மனசு குளுந்து கிடக்கும். பெத்த பிள்ளைக்கு டீச்சரா ஆயிட்டேனே சாமி. இப்பிடியே போனா நாளைக்கு ஒரு வலி, ஒரு பயம்னா எங்கிட்ட எப்பிடி வருவான்? வேலையை விட்டுரவா? விட்டா அந்தச் சூளைப் பிள்ளைகளை யார் போயிக் கூட்டிட்டு வருவா? இல்ல, இவனை வேற பள்ளிக்கூடத்துல போட்டுரவா? அம்மா என்கூட இருக்க மாட்டேங்காளேன்னு அதுக்கும் ஏங்கிப் போயிட்டான்னா?"

பேசப் பேச அவள் விரல்கள் வேகமெடுத்தன. கொட்டை ஒரு பக்கமும் சுளை ஒரு பக்கமும் குவிந்துகொண்டே போயின. குனிந்த தலை நிமிரவில்லை. பேச்சு முடிந்த பிறகும் கை நிற்கவில்லை.

"டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?"

"ம், குடிச்சிட்டுச் சீக்கிரம் வா."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. கேட்டது சாமி; குருவைப் பார்த்து 'வா' என்று சொல்லியிருக்கிறாள்.

சாமி எழுந்து போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதைத்தான் சொன்னேன் சாமி," என்றாள் டீச்சர். "அவன்கிட்டயும் இதையேதான் சொன்னேன்."

"திரும்பிப் பாத்தியா?"

"பாக்கல. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் முடிச்சுக் கட்டி வச்சப்பதான், நம்மள டீச்சர்னுல்ல கூப்பிட்டான்னு உறைச்சுச்சு. அதுக்குள்ள தூங்கிப் போயிட்டான்."

"தண்ணி குடிச்சானா?"

நேற்றிலிருந்து 'டீச்சர்' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தெரியல சாமி."

அழுகை வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சாமியின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். வெயிலில் கறுத்து, உதடு காய்ந்து வெடித்திருந்தது. டீச்சர் மடியிலிருந்த புளியை உதறிவிட்டு எழுந்து உள்ளே போனாள். பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். சாமி வாங்கி, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தார்.

டீச்சர் மறுபடி கீழே உட்கார்ந்தாள். கை தன்னையறியாமல் புளியைத் தேடி எடுத்தது.

"அப்ப வேலையை விட்டுரவா சாமி?"

சாமி அவள் கையிலிருந்த புளியை வாங்கி முறத்தில் போட்டார்.

"இது நாளைக்கும் இங்கதான் கிடக்கும் மாரி. பையன் இந்நேரம் முழிச்சிருப்பான்."